முட்டிக்குள் வைக்கும் வெள்ளைக் குருணை எப்படி எலும்பாகிறது?

பெரம்பூரிலிருந்து ஒரு சகோதரி கேட்ட கேள்வி இது. அவருடைய தம்பி பைக்கிலிருந்து விழுந்ததில், முழங்காலுக்குக் கீழே உள்ள பெரிய எலும்பின் மேல்தட்டு உள்ளே அமுங்கிவிட்டது. அமுங்கிய பகுதியைத் தூக்கி நிறுத்தி, அதற்கு அடியில் உண்டாகும் பள்ளத்தில் செயற்கை எலும்பு நிரப்பி, பிளேட்டும் ஸ்க்ரூவும் போடலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவர் காட்டிய சின்ன பாட்டிலில் இருந்தது வெள்ளை வெளேரென்று குருணை. 'இது செராமிக் என்கிறார்கள். உயிரில்லாத செராமிக் எப்படி எலும்பாக மாறும்? உடம்பு அதைத் தள்ளிவிடாதா? இதற்குப் பதிலாகக் கால்சியம் மாத்திரையை அதிகமாகச் சாப்பிட்டால் ஆகாதா?' என்று கேட்கிறார்.

மூன்றுமே நியாயமான கேள்விகள். இந்த வகை செராமிக்கைச் செய்வதும், உலையில் சுடுவதும், உடைத்துப் பார்ப்பதுமாகவே என் வேலைக்காலத்தில் பெரும்பகுதி போயிருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை. தம்பிக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கிற எலும்பு டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். அந்தப் பொருள் உள்ளே போய் என்ன செய்கிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

நேரடியான பதில் இதுதான். குருணை எலும்பாக மாறுவதில்லை. குருணைக்குள் இருக்கும் வெற்றிடத்தில் தம்பியின் சொந்த எலும்பு வளர்கிறது. அது வளர வளர, குருணை கரைந்தும் அரிக்கப்பட்டும் குறைந்துகொண்டே போகிறது. நல்ல குருணை ஒன்றை எடுத்தால் அதன் பருமனில் 60 முதல் 80 சதவீதம் வரை காலியிடம்தான் இருக்கும். வேலை செய்வது பெரும்பாலும் அந்தக் காலியிடம். அது எந்த அளவில், எந்த வடிவத்தில், எப்படி ஒன்றோடொன்று இணைந்து இருக்கிறது என்பதில்தான் எங்கள் துறையின் பாதி உழைப்பு அடங்கியிருக்கிறது.

இந்தக் குருணை கால்சியம் பாஸ்பேட் என்ற பொருளால் ஆனது. சரி, ஏன் குறிப்பாக அது? நம் எலும்பின் எடையில் ஏறக்குறைய 60 முதல் 70 சதவீதம் தாது. மீதி பெரும்பாலும் கொலாஜன் என்ற புரதமும் தண்ணீரும். அந்தத் தாது, ஹைட்ராக்ஸி அபடைட் என்ற கால்சியம் பாஸ்பேட்டின் ஒரு வகை. இயற்கை எலும்பில் அது சுத்தமாக இருக்காது. கொஞ்சம் கார்பனேட், கொஞ்சம் மெக்னீசியம், சோடியம் என்று பலதும் கலந்து, சில நானோமீட்டர் தடிமனுள்ள தகடுகளாகக் கொலாஜன் இழைகளுக்குள் உட்கார்ந்திருக்கும். நாங்கள் உலையில் செய்வது அதே குடும்பத்தைச் சேர்ந்த, ஆனால் பெரிய படிகங்கள் கொண்ட, சுத்தமான பொருள். உடம்புக்கு அது முழு அந்நியனும் இல்லை, முழுச் சொந்தக்காரனும் இல்லை.

நம் ஊரில் இதை ஒட்டி ஒரு பொருத்தம் உண்டு. சர்தார் படேல் சாலையில் கொஞ்ச தூரத்துக்குள்ளேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், அண்ணா பல்கலைக்கழகம், ஐஐடி மெட்ராஸ் மூன்றும் இருக்கின்றன. தோல் ஆராய்ச்சி நிறுவனத்தில் பல காலமாகக் கொலாஜனை ஆராய்கிறார்கள், தோலே கொலாஜன்தானே. அண்ணா பல்கலைக்கழகத்தின் படிக வளர்ச்சி மையத்திலும் ஐஐடியிலும் ஹைட்ராக்ஸி அபடைட்டில் நிறைய வேலை நடந்திருக்கிறது. ஐஐடியில் முட்டை ஓட்டிலிருந்து அதைச் செய்யும் வழியை ஆராய்ந்து 2007இல் கட்டுரை வெளியிட்டார்கள். எலும்பின் இரண்டு பாதிகளையும் ஒரே சாலையில் படிக்கலாம். சென்னைக்காரர்களிலேயே பலருக்கு இது தெரியாது, தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

தள்ளிவிடாதா என்ற கேள்விக்கு வருகிறேன். சிறுநீரகம் மாற்றும்போது உடம்பு தள்ளிவிடுகிறது என்று கேள்விப்படுகிறோமே, அங்கே நோய் எதிர்ப்புச் செல்கள் வேறொருவருடைய புரதத்தை அடையாளம் கண்டு தாக்குகின்றன. 1,000 டிகிரி செல்சியஸுக்கு மேல் சுட்ட செராமிக்கில் புரதமே கிடையாது. தாக்க அங்கே ஆள் இல்லை. ஆனால் உடம்பு கண்டுகொள்ளாமல் விட்டுவிடுகிறது என்றும் நினைக்க வேண்டாம். முதல் சில நாட்கள் வீக்கம் இருக்கும், மேக்ரோஃபேஜ் என்ற துப்புரவு செல்கள் வந்து குருணையைத் தடவிப் பார்க்கும். அந்த ஆரம்ப வீக்கம் இல்லாவிட்டால் எலும்பு ஆறுவதே தொடங்காது. ஒரு எஃகு ஸ்க்ரூவைச் சுற்றி உடம்பு பெரும்பாலும் மெல்லிய நார்த்திசு உறை ஒன்றைக் கட்டி அதை ஒதுக்கி வைக்கும். கால்சியம் பாஸ்பேட்டைச் சுற்றி, எல்லாம் ஒழுங்காக இருந்தால், அந்த உறை வராது. எலும்பு நேராகவே வந்து ஒட்டும். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் அந்த எல்லையைப் பார்த்தால் எங்கே செராமிக் முடிகிறது, எங்கே எலும்பு தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்வதே சில இடங்களில் கடினம்.

அந்த ஒட்டுதல் எப்படி வருகிறது? குருணை ரத்தத்தைத் தொட்ட சில நொடிகளிலேயே ரத்தத்தில் உள்ள புரதங்கள் அதன்மேல் படிகின்றன. ஃபைப்ரோனெக்டின், விட்ரோனெக்டின் போன்றவை அவற்றில் முக்கியம். செல்கள் செராமிக்கைப் பிடிப்பதில்லை, இந்தப் புரதப் பூச்சைத்தான் பிடிக்கின்றன. அதே சமயம் மேற்பரப்பிலிருந்து கொஞ்சம் கால்சியமும் பாஸ்பேட்டும் கரைந்து வெளியே வரும். சுற்றியுள்ள திரவத்தில் அவற்றின் அடர்த்தி கூடியதும், உடம்பில் ஏற்கெனவே இருக்கும் கார்பனேட்டையும் சேர்த்துக்கொண்டு மறுபடி அதே மேற்பரப்பில் மெல்லிய படலமாகப் படியும். இந்தப் படலம் இயற்கை எலும்பின் தாதுவுக்கு ரொம்ப நெருக்கமானது. ஆக, உலையிலிருந்து வந்த பொருள் தன்மேல் உடம்பு போட்டுவிட்ட ஒரு சட்டையோடுதான் எலும்புச் செல்களைச் சந்திக்கிறது.

அடுத்து ரத்தக்கட்டு. பள்ளத்தில் ரத்தம் நிறைந்து உறைந்ததும், அந்த உறைந்த வலைக்குள் புதிய நுண் ரத்தக்குழாய்கள் சில நாட்களில் முளைத்து வரத் தொடங்கும். குழாய்களோடு சேர்ந்து எலும்பு மஜ்ஜையிலிருந்தும், எலும்பைச் சுற்றியுள்ள உறையிலிருந்தும் மூலச் செல்கள் வரும். அவற்றில் ஒரு பங்கு ஆஸ்டியோபிளாஸ்ட் என்ற எலும்பு கட்டும் செல்லாக மாறும். அவை முதலில் போடுவது கொலாஜன். தாது பிறகுதான் அதில் ஏறும். தொடக்கத்தில் வருவது அவசரத்தில் போட்ட, இழைகள் தாறுமாறாகக் கிடக்கும் எலும்பு. பல மாதங்களில் அதை அரித்துவிட்டு, அடுக்கடுக்கான பக்குவ எலும்பை உடம்பு போடும். அந்தப் பக்குவ எலும்பு படியும் வேகம் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. 400 மைக்ரான் அகலமுள்ள துளையை இரண்டு பக்கச் சுவரிலிருந்தும் நிரப்பினாலே 200 நாட்கள் ஆகும். 'எலும்பு இன்னும் கூடவில்லையா' என்று மூன்றாவது வாரமே பதறுகிறவர்களுக்கு இந்தக் கணக்கைத்தான் நான் சொல்வது. அவசர எலும்பு இதைவிட வேகமாக வரும் என்பதால்தான் அதற்கு முன்பே நாம் நடக்க முடிகிறது.

இப்போது துளைக்கு வருகிறேன். எனக்கு ரொம்பப் பிடித்த பகுதி இது.

1970ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் ஹல்பர்ட் என்பவரும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். பல அளவு துளைகள் கொண்ட செராமிக் துண்டுகளை நாய்களின் தொடை எலும்பில் வைத்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்தது கால்சியம் பாஸ்பேட் கூட இல்லை, கால்சியம் அலுமினேட். துளை 75 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் உள்ளே வந்தது வெறும் நார்த்திசு. 75 முதல் 100 மைக்ரான் வரை இருந்தால் தாது ஏறாத இளம் எலும்புத் திசு. 100 மைக்ரானைத் தாண்டியதும் தாது ஏறிய எலும்பு. அன்றிலிருந்து 100 மைக்ரான் என்பது எங்கள் துறையில் ஒரு மந்திர எண் மாதிரி ஆகிவிட்டது. பின்னால் வந்த சோதனைகள் சில சூழ்நிலைகளில் 50 மைக்ரான் துளையிலும் எலும்பு வருவதைக் காட்டின. அதனால் அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் திசை சரிதான். இன்று பலரும் 300 மைக்ரானுக்கு மேல் உள்ள துளைகளையே விரும்புகிறார்கள். ரத்தக்குழாய் தாராளமாக நுழைய முடிகிறது என்பதே காரணம்.

நுண் ரத்தக்குழாயின் விட்டம் 10 மைக்ரானுக்குள்தானே, அப்புறம் ஏன் இவ்வளவு பெரிய துளை என்று கேட்கலாம். குழாய் தனியாக வருவதில்லை. தன்னைச் சுற்றி செல்களையும் இளம் திசுவையும் கூட்டிக்கொண்டு வருகிறது. அதற்கப்புறம் சுவரின்மேல் எலும்பு படிய வேண்டும், அந்த எலும்புக்கும் தடிமன் வேண்டும். பஞ்சு போன்ற உள் எலும்பில் ஒரு சின்னக் கம்பியின் தடிமனே 100, 200 மைக்ரான் வரும். எலும்பு படிந்து முடிந்த பிறகும் நடுவில் குழாய்க்கு வழி விட்டிருக்க வேண்டும். வழி அடைபட்டால் உள்ளே உள்ள செல்கள் பட்டினிதான். ரத்தக்குழாயிலிருந்து 100, 200 மைக்ரானுக்கு மேல் தள்ளியிருக்கும் செல்லுக்கு ஆக்ஸிஜன் போதுமான அளவில் எட்டாது.

துளையின் அளவைவிட முக்கியமான ஒன்று உண்டு. விற்பனைத் தாளில் பெரும்பாலும் 'துளை இத்தனை மைக்ரான்' என்று மட்டும் இருக்கும். ஒரு துளையிலிருந்து அடுத்த துளைக்குப் போகும் வழியின் அகலத்தைச் சொல்ல மாட்டார்கள். திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளைப் பார்த்திருப்பீர்கள், அறைக்குப் பின்னால் அறையாக நீளும். அறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் வாசல் குறுகலாக இருந்தால் பீரோ உள்ளே போகாது. இங்கேயும் அதுதான். 500 மைக்ரான் துளைகள் வரிசையாக இருந்து, நடுவில் உள்ள வாசல் 20 மைக்ரான் என்றால், வெளிவட்டத் துளைகளில் மட்டும் எலும்பு வரும், உள்ளே காலியாகவோ நார்த்திசுவாகவோ நின்றுவிடும். வாசல் 50 மைக்ரானாவது, முடிந்தால் 100 மைக்ரானாவது இருக்க வேண்டும். ஆய்வுக்கூடத்தில் இதை அளக்கப் பாதரசத்தை அழுத்தி உள்ளே செலுத்துவோம். எந்த அழுத்தத்தில் அது நுழைகிறது என்பதிலிருந்து வாசலின் அகலம் தெரியும். நுண் சிடி ஸ்கேனிலும் பார்க்கலாம். குருணையாகப் போடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. குருணைக்கும் குருணைக்கும் நடுவே உள்ள சந்துகள் தாமாகவே ஒன்றோடொன்று இணைந்திருக்கும். அதனால்தான் பல டாக்டர்கள் கட்டியைவிடக் குருணையை விரும்புகிறார்கள். பள்ளத்தின் வடிவத்துக்கு ஏற்ப நிரப்பவும் எளிது. ஆனால் சுத்தியலால் இடித்துத் திணிக்கக் கூடாது. நொறுங்கி மாவானால் சந்தும் போச்சு, அந்த நுண்தூள் துப்புரவு செல்களைத் தேவையில்லாமல் தூண்டி வீக்கத்தை நீட்டிவிடவும் செய்யும்.

பெரிய துளைகள் போக, சுவருக்குள்ளேயே 10 மைக்ரானுக்கும் குறைவான நுண்துளைகள் உண்டு. செல் அதில் நுழையாது. ஆனால் திரவம் நுழையும். ரத்தத்தில் வைத்ததும் குருணை அதை உறிஞ்சிக்கொள்வது இவற்றால்தான். மேற்பரப்பு பல மடங்கு கூடுகிறது, புரதம் அதிகமாகப் படிகிறது, அயனிகள் வெளியே வருவதும் கூடுகிறது. உலையின் வெப்பத்தை ஏற்றினால் துகள்கள் நன்றாக ஒட்டி, வலிமை கூடி, இந்த நுண்துளைகள் மறைந்துவிடும். வெப்பத்தைக் குறைத்தால் நுண்துளை நிற்கும், துண்டு கையில் உதிரும். 1,100க்கும் 1,250 டிகிரிக்கும் நடுவே எங்கே நிறுத்துவது என்பதில் ஒவ்வொரு ஆய்வுக்கூடத்துக்கும் ஒரு பிடிவாதம் உண்டு. என்னைக் கேட்டால், பிளேட் பாரத்தைத் தாங்கப்போகும் இடத்தில் வலிமைக்காக நுண்துளையை விட்டுக்கொடுப்பது வீண்.

துளையின் வடிவமும் பேசும். புதிய எலும்பு குழிவான மூலைகளில்தான் முதலில் தலைகாட்டும். புடைப்பான இடங்களில் தாமதமாக வரும். செல்கள் தங்களுக்குள் இழுத்துக்கொண்டு மூலையைப் பாலம்போட்டு மூடப் பார்ப்பது இதற்கு ஒரு காரணம். எலும்புத் திசு குழிவைத் தேடிப் போய் நிரப்புகிறது என்பதை முதன்முறை நுண்ணோக்கியில் பார்க்கும் மாணவர்கள் யாரும் சும்மா எழுந்து போனதில்லை.

இந்தத் துளைகளை எப்படிச் செய்கிறார்கள் என்று சுருக்கமாகச் சொல்கிறேன். மெத்தைக்குப் பயன்படும் பாலியூரித்தேன் பஞ்சைச் செராமிக் குழம்பில் முக்கி, பிழிந்து, உலர்த்திச் சுடுவது ஒரு வழி. பஞ்சு எரிந்து போகும், அதன் வலை வடிவம் செராமிக்காக நிற்கும். 1963இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறை இது. பஞ்சு இருந்த இடம் கம்பிகளுக்குள்ளே குழலாக நின்றுவிடுவதால் கொஞ்சம் வலுக்குறைவாகவே வரும். மெழுகு, நாஃப்தலீன் போன்ற மணிகளைக் கலந்து பிறகு எரித்துவிடுவது இன்னொரு வழி. இப்போது 3டி பிரிண்டிங்கில் வாசலின் அளவை நாமே வரைந்து கொடுக்க முடிகிறது.

பவளத்தின் கதையையும் சொல்லாமல் விட மனசில்லை. சில பவளங்களின் எலும்புக்கூடு முழுக்க ஒன்றோடொன்று இணைந்த துளைகள். போரைட்டிஸ் என்ற வகையில் ஏறக்குறைய 200 மைக்ரான், கோனியோபோரா என்ற வகையில் 500 மைக்ரானை ஒட்டி. ஆனால் அது கால்சியம் கார்பனேட், சீக்கிரம் கரைந்துவிடும். 1974இல் ராய், லின்னஹன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், பவளத்தைப் பாஸ்பேட் கரைசலில் உயர் அழுத்தத்திலும் வெப்பத்திலும் வைத்தால், துளையின் வடிவம் கெடாமல் கார்பனேட் மட்டும் ஹைட்ராக்ஸி அபடைட்டாக மாறுவதைக் காட்டினார்கள். அந்த வழியில் செய்த பொருள் பல ஆண்டுகள் ஆஸ்பத்திரிகளில் பயன்பட்டது. மன்னார் வளைகுடாவில் பவளம் இருக்கிறதே என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். நம் நாட்டில் அதை எடுப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அப்படியே இருக்கவும் வேண்டும்.

அடுத்து, எந்தக் கால்சியம் பாஸ்பேட் என்ற விஷயம். பாட்டிலின் மேல் பெரும்பாலும் மூன்றில் ஒன்று எழுதியிருக்கும். ஹைட்ராக்ஸி அபடைட் என்றால் கால்சியம், பாஸ்பரஸ் அணுக்களின் விகிதம் 1.67. மிக மெதுவாகத்தான் கரையும், பல ஆண்டுகள் கழித்தும் எக்ஸ்ரேயில் தெரியும். பீட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட் என்றால் விகிதம் 1.5. வேகமாகக் குறையும், பல மாதங்களில் தொடங்கி ஓரிரு ஆண்டுகளில் பெரும்பகுதி போய்விடும். இரண்டையும் கலந்தது மூன்றாவது வகை, 60க்கு 40 என்ற கலவையை அதிகம் பார்க்கலாம். விகிதத்தில் இத்தனை சின்ன வித்தியாசம் காலக்கணக்கில் எவ்வளவு பெரிய வித்தியாசமாகிறது பாருங்கள்.

குறைவது வெறும் கரைதலால் மட்டும் இல்லை. ஆஸ்டியோகிளாஸ்ட் என்ற எலும்பு அரிக்கும் செல், குருணையின்மேல் உட்கார்ந்து விளிம்பை இறுக மூடிக்கொண்டு, அடியில் அமிலத்தைச் சுரக்கும். சொந்த எலும்பைப் புதுப்பிக்க அது தினமும் செய்கிற அதே வேலை. அப்படி அரிக்கும்போது அது அனுப்பும் சைகைகள் கட்டும் செல்களை அந்த இடத்துக்கு அழைக்கின்றன. அதனால் குருணை அரிக்கப்படுவது நஷ்டமில்லை, கட்டுமானத்தின் பகுதி. சிக்கல் வேகத்தில்தான். எலும்பு வருவதற்கு முன்பே பொருள் போய்விட்டால் பள்ளம் மறுபடி பள்ளமாகும், தூக்கி நிறுத்திய மேல்தட்டு இறங்கலாம். போகவே போகாவிட்டால் அந்த இடத்தில் எலும்பும் செராமிக்கும் கலந்த ஒரு பகுதி நிரந்தரமாக இருக்கும். முட்டிக்கு அடியில் அது பெரும்பாலும் தொந்தரவு தருவதில்லை.

இதெல்லாம் புதிய யோசனையா என்றால், இல்லை. நியூயார்க்கில் ஆல்பீ என்ற எலும்பு அறுவை நிபுணர் 1920லேயே கால்சியம் பாஸ்பேட்டை எலும்பு இடைவெளியில் செலுத்தி, எலும்பு விரைவாக வருவதாக எழுதினார். 1970களில் அமெரிக்கா, நெதர்லாந்து, ஜப்பான் மூன்று இடங்களிலும் ஹைட்ராக்ஸி அபடைட் செராமிக் சிகிச்சைக்கு வரத் தொடங்கியது. நம் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் இந்த வகைப் பொருட்களை உள்நாட்டிலேயே உருவாக்கியதில் முன்னோடி. சென்னையில் இவற்றை அதிகம் பயன்படுத்துகிறவர்கள் பல் டாக்டர்களாகவும் இருக்கலாம். பல் பிடுங்கிய குழியிலும், இம்ப்ளான்ட் வைக்க எலும்பு போதாத தாடையிலும் இதே குருணைதான், இன்னும் பொடியாக.

ஒரு புதிர் மட்டும் இன்னும் ஆய்வாளர்களைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது. எலும்பின் ஓரத்தில் வைத்தால் எலும்பு வருவது புரிகிறது, பக்கத்திலேயே எலும்புச் செல்கள் இருக்கின்றன. தசைக்குள் வைத்தால்? 1965இல் யூரிஸ்ட் என்ற அமெரிக்க டாக்டர், தாதுவை நீக்கிய எலும்பைத் தசைக்குள் வைத்தபோது அங்கே புதிய எலும்பு முளைத்தது. எலும்பில் உள்ள சில புரதங்கள்தான் காரணம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் 1990களில் தென்னாப்பிரிக்காவில் ரிப்பமோண்டி பபூன் குரங்குகளின் தசையில் வைத்தது எந்தப் புரதமும் சேர்க்காத துளை செராமிக். அங்கேயும் எலும்பு வந்தது. நாயிலும் ஆட்டிலும் வேறு குழுக்கள் இதைக் கண்டன. எலியில் அவ்வளவு எளிதில் வருவதில்லை. எல்லாச் செராமிக்குக்கும் இந்தத் திறமை கிடையாது. நுண்துளையும், குழிவான இடங்களும், கரடுமுரடான மேற்பரப்பும் உள்ளதற்கே உண்டு. ஒரே வேதிப்பொருள், ஒரே தொழிற்கூடம், சுட்ட வெப்பம் மட்டும் வேறு என்றாலும், ஒன்று தசையில் எலும்பை எழுப்பும், இன்னொன்று எழுப்பாது. 2010இல் வெளியான ஒரு ஆய்வில், அப்படிச் செய்த ட்ரைகால்சியம் பாஸ்பேட், ஆட்டின் இடுப்பெலும்புக் குழியில் அதன் சொந்த எலும்புக்கு இணையாக வேலை செய்தது. மேற்பரப்பில் சேரும் உடம்பின் சொந்தப் புரதங்களா, வெளியே வரும் கால்சியமா, மேக்ரோஃபேஜ் அனுப்பும் சைகையா என்று இன்னும் வாதம் நடக்கிறது. எனக்கு மூன்றும் சேர்ந்துதான் என்று தோன்றுகிறது.

இவ்வளவு சொன்னாலும் சொந்த எலும்புதான் இன்றும் முதலிடம். இடுப்பெலும்பின் விளிம்பிலிருந்து எடுத்து வைப்பார்கள், அதில் உயிருள்ள செல்லும் வளர்ச்சிப் புரதங்களும் இருக்கின்றன. எடுத்த இடத்தில் வலி பல மாதம் இருக்கலாம், எடுக்கக்கூடிய அளவுக்கும் எல்லை உண்டு. அதனால்தான் தம்பிக்கு வந்திருப்பது போன்ற, சுற்றிலும் உயிருள்ள எலும்பு சூழ்ந்த பள்ளத்துக்குச் செராமிக் நல்ல தேர்வு. நாலு பக்கமும் ரத்தம் வரும் சுவர் இருக்கிறது. அதுவே கால் எலும்பின் நடுத்தண்டில் பல சென்டிமீட்டர் துண்டு போய்விட்டால், குருணையை மட்டும் நிரப்பி எதிர்பார்ப்பது சரியில்லை. அங்கே இலிசரோவ் வளையம் (காலைச் சுற்றி வெளியே வளையங்களைப் பொருத்தி, எலும்பை மெல்ல மெல்ல நீட்டும் முறை) போன்ற வேறு வழிகளுக்குப் போவார்கள். செராமிக் நொறுங்கும் பொருள் என்பதையும் மறக்கக் கூடாது. துளைகள் நிறைந்த துண்டு சில மெகாபாஸ்கல் அழுத்தத்தையே தாங்கும், பஞ்சு எலும்பின் அளவுதான். உள்ளே எலும்பு நிறைந்த பிறகு அதன் வலிமை தானாகவே ஏறும். அதுவரை பாரம் பிளேட்டுக்கு உரியது.

நம் ஊரில் எலும்பு முறிவு என்றதும் புத்தூர் கட்டுக்குப் போகலாமே என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். மூட்டுத் தளமே அமுங்கியிருக்கும்போது வெளியிலிருந்து கட்டும் எந்தக் கட்டாலும் அதைத் தூக்கி நிறுத்த முடியாது. தளம் மேடு பள்ளமாகக் கூடினால் சில வருடங்களில் முட்டி தேய்ந்துவிடும். இதில் தயங்க வேண்டாம்.

கால்சியம் மாத்திரை பற்றி. நம் உடம்பில் இருக்கும் கால்சியம் ஏறக்குறைய 1 கிலோ, அதில் 99 சதவீதம் எலும்பிலும் பல்லிலும். 10 கிராம் ட்ரைகால்சியம் பாஸ்பேட் குருணையில் 4 கிராமுக்கும் கொஞ்சம் குறைவான கால்சியம் இருக்கிறது. கால்சியம் பற்றாக்குறைக்காக அதை வைப்பதில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரியும். செல்கள் ஏறி உட்கார இடம் வேண்டும், அதற்காக வைக்கிறார்கள். மாத்திரை ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகும், பள்ளத்தில் செல்களுக்கு உட்கார இடம் அமைத்துத் தராது. டாக்டர் கால்சியமோ வைட்டமின் டி-யோ எழுதிக்கொடுத்தால் சொன்ன அளவில் சாப்பிடட்டும், அளவைக் கூட்ட வேண்டாம்.

குருணையின் பிராண்டைவிட விளைவைத் தீர்மானிப்பவை வேறு. ரத்தம் வரும்வரை சுவரைச் சுத்தம் செய்திருக்க வேண்டும், அது டாக்டர் கையில். பிளேட் அசையாமல் பிடித்திருக்க வேண்டும், ஏனென்றால் அசைவு இருந்தால் துளைக்குள் வருவது நார்த்திசு. சீழ் பிடிக்கக் கூடாது, பிடித்தால் துளைகளே கிருமிக்கு ஒளிவிடமாகிவிடும், பிறகு குருணையை வெளியே எடுப்பதைத் தவிர வழி இருக்காது. தம்பி கையில் இருப்பவை இரண்டு. சிகரெட் பழக்கம் இருந்தால் இப்போதே நிறுத்த வேண்டும், புகை எலும்பு கூடுவதைத் தாமதப்படுத்துகிறது. சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வைக்க வேண்டும். காலை எப்போது ஊன்றலாம் என்பதை டாக்டர் சொல்லும் நாளுக்கு ஒரு நாள் முன்னால்கூடச் சோதித்துப் பார்க்கக் கூடாது.

எக்ஸ்ரே விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். ஆபரேஷன் முடிந்த அன்று எடுக்கும் படத்தில் பள்ளம் இருந்த இடம் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். எலும்பு அதற்குள் வந்துவிட்டதென்று சந்தோஷப்பட வேண்டாம், அது செராமிக். மாதங்கள் போகப் போகக் குருணைகளின் விளிம்பு மங்கி, சுற்றியுள்ள எலும்போடு கலந்துபோவதுதான் நல்ல அறிகுறி. வெள்ளை குறைகிறதே, எலும்பு கரைகிறதோ என்று அப்போது பயப்பட வேண்டாம். குருணையைச் சுற்றிக் கறுப்பாக ஒரு கோடு நீடித்தால் மட்டும் டாக்டரிடம் கேளுங்கள்.

ஆபரேஷனுக்கு முன்னால் அவரிடம் இரண்டு விஷயம் கேட்டுக்கொள்ளலாம். வைக்கப்போவது எந்த வகை, எத்தனை மாதத்தில் குறையும் என்பது ஒன்று. குருணையோடு தம்பியின் ரத்தத்தையோ மஜ்ஜையையோ கலந்து வைப்பாரா என்பது இன்னொன்று, பலர் அப்படிச் செய்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது, பொருளின் பெயரும் தொகுதி எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர் பெட்டியோடு வந்திருக்கும், அதை டிஸ்சார்ஜ் தாளில் ஒட்டித் தரச் சொல்லுங்கள். நாளைக்கு வேறு ஊரில் வேறு டாக்டர் அந்த முட்டியின் எக்ஸ்ரேயைப் பார்க்க நேர்ந்தால், உள்ளே இருப்பது ஹைட்ராக்ஸி அபடைட்டா ட்ரைகால்சியம் பாஸ்பேட்டா என்று அவருக்கு அந்த ஸ்டிக்கர்தான் சொல்லும்.